உளுந்து அரைபடும் வரை

இன்னும் கால் மணி நேரம் ஆகுமுங்ணா, உளுந்து ஓடிட்டு இருக்குது, விட்டுட்டு வர முடியாது, உக்காருங் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா சமையலறைக்குள் போய்விட்டார். நான் உட்கார்ந்திருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் பதினோரு அரசங்குச்சி, பேப்பரில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியது, காலடியில் என் வீட்டுக்காரி கலாமணி கொடுத்துவிட்ட ஆறு பூவன் பழம். அந்த அம்மா என்கிறேன், முப்பத்தி மூணு முப்பத்தி நாலு வயசுதான் இருக்கும், எனக்கு ஐம்பத்தியொன்று முடிகிறது, காலில் விழ வேண்டுமா வேண்டாமா என்று சிங்காநல்லூர் வரைக்கும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்ததும் மணிக்கட்டு வரை மாவு, நைட்டி மேல் ஒரு துண்டு, பூங்கோதைங்ளா என்றேன், ஆமாங், மயில்சாமி அண்ணன் சொன்னாரு, வாங்க என்றார், அவ்வளவுதான், விழுவதற்கு இடமும் இல்லை, வாசலில் மாவு டப்பாக்கள் அடுக்கியிருந்தன. குருவை முதல் தடவை பார்த்தால் உடம்பு சிலிர்க்கும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். எனக்குச் சிலிர்க்கவில்லை. மூன்று மாடி ஏறிய மூச்சு வாங்கியது. சிலிர்க்காதது நல்லதா கெட்டதா. பேரூரில் ஒரு சாமியைப் பார்த்தபோது சிலிர்த்தது, ஒன்றரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் இருந்தார், மௌனத்தாலேயே உபதேசம் பண்ணுகிறார் என்று நானும் கண்ணை மூடினேன், அப்புறம் குறட்டை வந்தது. அவருடையதுதான். என்னுடையதாகவும் இருக்கலாம்.

கிரைண்டர் ஓடுகிறது. பெல்ட் லேசாகத் தொய்ந்திருக்கிறது. இது எனக்கு வேண்டாத வேலை, ஆனால் இருபத்தாறு வருஷமாக மோட்டார் பம்ப் கம்பெனியில் ஓடுகிற மோட்டாரில் காதை வைத்து இது சரி இது சரியில்லை என்று சாக்பீஸால் குறி போடுகிறவனுக்குக் காதை எங்கே கழற்றி வைக்க முடியும். ஒரே சீராக ஓடி ஓடி ஒரு இடத்தில் டக் என்கிறது, மறுபடி சீராக ஓடுகிறது, மறுபடி டக். எத்தனை சுற்றுக்கு ஒரு டக் என்று எண்ணிப் பார்க்கிறேன். பதினேழு, பதினெட்டு, டக். கட்டை விரல் சட்டைப் பைக்குள் போய்விட்டது, அங்கே கவுண்டர் இருக்கிறது, கம்பெனியில் பெட்டி எண்ணுவதற்குக் கொடுத்த இரும்புக் கவுண்டர், அமுக்கினால் ஒரு எண் ஏறும், ஒன்பது வருஷமாக என் பையில்தான் இருக்கிறது, தூங்கும்போது தலையணைக்கு அடியில். விரலை எடுத்துவிட்டேன். மறுபடி போய்விட்டது. குரு கிரைண்டர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பது இங்கிருந்து பாதி தெரிகிறது, ஒரு கையால் உளுந்தை ஒதுக்கி ஒதுக்கிக் கல்லுக்கு அடியில் விடுகிறார், இன்னொரு கையால் தண்ணீர் தெளிக்கிறார். ஒதுக்கல், தெளிப்பு, ஒதுக்கல். வடக்கே ஏதோ குருகுலத்தில் ஐந்து வருஷம் சாஸ்திரம் படித்தவராம், திரும்பி வந்து இட்லி மாவு விற்கிறார், ஞாயிற்றுக்கிழமை இதே ஹாலில் ஏழு பேருக்குப் பாடம் சொல்கிறார். எங்கள் கம்பெனி டெஸ்பாட்ச் மயில்சாமியின் வீட்டுக்காரி அந்த ஏழில் ஒருத்தி. மாவும் நல்லா இருக்குது பாடமும் நல்லா இருக்குது என்று மயில்சாமி சொன்ன அன்றைக்கு எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் ஏனோ தூக்கம் வரவில்லை.

இந்தக் குச்சியை என்ன செய்வது, இப்போதே கொடுத்திருக்க வேண்டுமோ, மாவுக் கையில் எப்படிக் கொடுப்பது. குருவைத் தேடிப் போகிறவன் கையில் சமித்தோடு, வேள்வித் தீக்கான விறகோடு, போக வேண்டும், வெறுங்கையோடு போகக் கூடாது. இது நான் புஸ்தகத்தில் படித்ததற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும், அப்புச்சி சொல்லித் தெரியும். அம்மாவுக்கு அப்பா, மில்லில் காலை ஷிப்ட், மூணு மணிக்கு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டுவிட்டு வெறும் தரையில் படுப்பார், நான் அவர் வயிற்றில் தலை வைத்துக்கொள்வேன், புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும், அவர் மூச்சு விடும்போது அது ஆடும். ஒரு ஊர்ல ஒருத்தன், அவனுக்கு எல்லாம் இருந்துச்சு, ஒண்ணே ஒண்ணு இல்ல. என்ன இல்லைங் அப்புச்சி. அது அவனுக்கே தெரியலடா, தெரிஞ்சா கடையில வாங்கியிருப்பான்ல. அவன் ஒரு கட்டு விறகைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டில் இருக்கிற குருவைப் பார்க்கப் புறப்படுவான். வழியில் ஒரு நாள் ஆறு வரும், ஒரு நாள் பாம்பு வரும், ஒரு நாள் வழிப்பறிக்காரன் வந்து விறகைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அட வெறும் விறகா என்று வைதுவிட்டுப் போவான். கடைசியில் குடிசை வந்துவிடும். இவன் வாசலில் தலைச்சுமையோடு நிற்பான். உள்ளே யாரோ நடமாடுகிற சத்தம் கேட்கும். அவ்வளவுதான், அந்த இடத்தில் அப்புச்சியின் மூச்சு மாறிவிடும். அப்புறம், அப்புச்சி அப்புறம், என்று வயிற்றைத் தட்டுவேன், பஞ்சு மட்டும் ஆடும். ஒரு தடவைகூட அவன் உள்ளே போனதை நான் கேட்டதில்லை. விழித்திருக்கும்போது கேட்டால், குரு அந்த விறகை என்ன பண்ணுனாருன்னு எனக்கும் தெரியலடா கண்ணு, எனக்குச் சொன்னவரும் அந்த இடத்துல தூங்கிப் போயிட்டாரு என்பார். பொய்யோ நிஜமோ. அவர் போய் முப்பத்தி நாலு வருஷம் ஆகிறது, அந்த ஆள் எனக்குள் இன்னும் அந்த வாசலில்தான் நிற்கிறான், கழுத்து வலிக்க.

நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன், சாண் நீளக் குச்சியாகக் காட்டினார், நவக்கிரக ஹோமத்துக்குங்ளா, ஒன்பது வகையும் எடுக்கட்டுமா என்றார். அந்தக் குச்சியைத் தலையில் வைத்தால் விழுந்துவிடும். அப்புச்சியின் ஆள் கொண்டுபோனது அது இல்லை. நாலு நாளைக்கு முன்னால் காற்றில் எங்கள் கம்பெனி வாசல் பிள்ளையார் மேல் நிற்கிற அரச மரம் ஒரு கிளையைப் போட்டது, வாட்ச்மேனிடம் கேட்டு, நல்லதாகப் பார்த்து, ஒன்றரை முழத்துக்கு ஒடித்து வைத்தேன். காலையில் பஸ்ஸில் கண்டக்டர் குச்சியைப் பார்த்து, என்னங் சார், கேஸ் தீந்துபோச்சுங்ளா என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த அம்மாவும் சிரித்தால். கேஸ் அடுப்பு, கிரைண்டர், மூணாவது மாடி, ஹவுசிங் போர்டு வீடு, இங்கே விறகுக்கு என்ன வேலை. சிரித்துவிட்டு, இதெல்லாம் எதுக்குங்ணா, உங்களுக்கு இது சரிப்படாது என்று சொல்லிவிட்டால். பதினெட்டு, டக். கலாமணி பழத்தைப் பையில் வைக்கும்போதே சொல்லிவிட்டாள், சண்டையாக இல்லை, அலுத்துப்போய். ஏனுங் மாமா, பதினோரு வருஷமா நீங்களும் யார் யாரையோ பாக்கறீங்க, இவங்களும் ஆகலைன்னா அந்தத் தியானப் பாயைச் சுருட்டிப் பரண் மேல போட்டுருவேன், அப்புறம் எடுத்துக் குடுன்னு கேக்கக் கூடாது. சரி என்றேன். சரி என்று ஏன் சொன்னேன். ஏனென்றால் அவள் போடாவிட்டாலும் நானே போட்டுவிடுவேன் போலத்தான் இருக்கிறது. எழுபத்தியோரு நாளாகப் பாயை விரிக்கவில்லை. விரிக்கப் பயம். இதுதான், இதைத்தான் கேட்க வந்திருக்கிறேன், மேற்கொண்டு போகலாமா, இல்லை இதோடு நிறுத்திவிட வேண்டுமா. வேறு ஒன்றும் கேட்கப்போவதில்லை. பிரம்மம், மாயை, ஒன்றும் வேண்டாம்.

எப்படிச் சொல்வது அதை. சித்திரையில், காலை அஞ்சரை மணி, எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் பாய். பார்க்கிறது யார், பார்க்கிறது யார், கவுண்டரை அமுக்கிக்கொண்டே கேட்பேன், நாளுக்கு ஆயிரத்தெட்டு, கேள்வியை விடாமல் உள்ளே இறக்க வேண்டும் என்று ஒரு யூடியூப்காரர் சொன்னார், எண்ணிக்கையை நானாகச் சேர்த்துக்கொண்டேன். அறுநூற்றுச் சொச்சத்தில் விரல் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. படி இருக்கிறது என்று காலை வைக்கும்போது படி இல்லாமல் போனால் ஒரு கணம் எப்படி இருக்கும், அப்படி. கேட்டுக்கொண்டிருந்தவனைக் காணோம். அறை இருந்தது, டிரம் இருந்தது, பால்காரர் சைக்கிள் மணி எங்கேயோ கேட்டது, நாச்சிமுத்து என்கிற நான் மட்டும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் மாரில் ஒரு உதை, நான் எழுந்து, எழுந்தேனா குதித்தேனா, டிரம் மூடி உருண்டு, கலாமணி தோசைக் கரண்டியோடு ஓடி வந்தாள். ஈசிஜி எடுத்தோம், டாக்டர் ஒன்றுமில்லை, ராத்திரி லேட்டா சாப்பிடாதீங்க என்றார். தெரிந்த ஜோசியர், சனி என்றார். எங்கேயும் நடந்ததை முழுசாகச் சொல்ல முடியவில்லை, சொன்னால் புத்தி பேதலித்தவன் என்பார்கள், ஒரு சமயம் பேதலித்துத்தான் விட்டதோ என்று பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்ப்பேன், இருக்கேன், இருக்கேன் என்று சொல்லிக்கொள்வேன், முப்பது தடவை, நாற்பது தடவை, விரல் கவுண்டரைத் தேடும். அந்தப் படி மறுபடி இல்லாமல் போய், இந்தத் தடவை நான் திரும்பி வராவிட்டால்.

பெல் அடித்தது. ஒரே தடவை. உள்ளேயிருந்து, அண்ணா கதவைக் கொஞ்சம் தொறங், ஜெசிந்தாக்காவா இருக்கும், நீல மூடி டப்பாவை எடுத்துக் குடுத்துருங் என்று குரல் வந்தது. குரு இட்ட முதல் கட்டளை. குச்சிக் கட்டைக் கீழே வைக்கத் தோன்றாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்த் திறந்தேன். எதிர் வீட்டு அக்கா போல, கழுத்தில் சிலுவை, கையில் மாவு வாங்கிப்போன பாத்திரம், காலிப் போசி, அவசரம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கக்கத்தைப் பார்த்தார். யாருக்குங் திதி என்றார். திதி இல்லீங் என்றேன். அப்ப ஹோமமா, கோதை சொல்லவேயில்லையே, எங்க வீட்டுக்குள்ள புகை வந்தாப் பரவால்ல, கேசரியும் சேந்து வந்துரணும் என்றார். பாடம் கேட்க வந்திருக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, குச்சியெல்லாம் நீங்களே கொண்டாந்துட்டீங்ளா, எங்க காலத்துல வாத்தியார்தான் வெச்சிருப்பாரு என்று சொல்லி, மாவை வாங்கிக் காலிப் போசியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கதவைச் சாத்தும்போது எனக்குள் ஏதோ ஒரு முடிச்சு லேசாக இளகியிருந்தது, சிரித்திருக்கிறேன் போல, தனியாக. நாற்காலிக்கு வந்தேன். பதினாறு, பதினேழு, பதினெட்டு, டக். உளுந்தின் பச்சை வாசம் ஹாலுக்கு வந்துவிட்டது. ஜன்னல் வெயில் சுவரில் ஒரு முழம் இறங்கியிருக்கிறது. விரல் அமுக்குகிறது, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அமுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். டக், வெயில், டக், அந்த ஆள் வாசலில் நிற்கிறான், உள்ளே நடமாடுகிற சத்தம், டக், பதினொன்று, பன்னிரண்டு.

கிரைண்டர் நின்றது. ஹாலே ஒரு கணம் பெரிசானது போல் இருந்தது. கீழே ஒரு ஆட்டோ போனது, தூரத்தில் ஒரு குழந்தை, பால்கனிக் கம்பியில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. குழாய் திறந்து மூடும் சத்தம். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே அந்த அம்மா வந்து எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், நான் பதறி நாற்காலியை விட்டு இறங்கினேன், முட்டி வலின்னா மேலயே உக்காருங்ணா என்றார், இல்லீங் இல்லீங் என்று நானும் தரைக்கு வந்தேன். சொல்லுங் என்றார். சொன்னேன். பதினோரு வருஷத்தில் யாரிடமும் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. டிரம் மூடி உருண்டதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. ஆயிரத்தெட்டு என்றபோது மட்டும் தலையைச் சாய்த்து, எப்படி எண்ணுவீங்க என்று கேட்டார். கவுண்டரை எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி, இரண்டு தடவை அமுக்கிப் பார்த்து, எண் ஏறுவதை ஒரு குழந்தை மாதிரி ரசித்துவிட்டு, தரையில் வைத்தார்.

"இப்ப ஜெசிந்தாக்கா எத்தனை தடவைங்ணா பெல் அடிச்சாங்க?"

ஒரு தடவைங் என்றேன்.

"அடிச்சுட்டுப் போசியோட நின்னாங்கள்ல. நீங்க பெல் மேல வெச்ச விரலை எடுக்கவே மாட்டேங்கறீங்க. ஆயிரத்தெட்டு. உள்ள இருக்கறவங்க எப்படித் தொறப்பாங்க? கேள்வி கேட்டா நிக்கணும். நீங்க அதை ஜபமாக்கிட்டீங்க. அசந்து ஒரு தடவை விரலை எடுத்தீங்க, கதவு தொறந்துச்சு. நீங்க மாடிப்படியில இறங்கி ஓடிட்டீங்க."

எனக்கு முகம் சுட்டது. ஒன்பது வருஷம். தவறு என்று தெரிந்ததும் வருத்தம்தான் வர வேண்டும், வந்தது என்னவோ சிரிப்பு, அடக்கிக்கொண்டேன். ஆனால் பயம் இன்னும் அங்கேயே கல் மாதிரி கிடந்தது, அதைச் சொல்லாமல் எழுந்து போய்விட்டால் நாளைக்குக் கலாமணி பரணுக்கு ஸ்டூல் போடுவாள். நான் இல்லாமப் போயிட்டேனுங்ளே அம்மா, என்றேன், மறுபடி போய்த் திரும்பி வராட்டி.

அவர் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார், "கிரைண்டர் நின்னுச்சே, அப்ப எண்ணிட்டு இருந்தீங்களா?" எண்ணிக்கொண்டிருந்தேன், பன்னிரண்டில் விட்டுப் போயிற்று என்றேன். சத்தம் போயிருச்சு, எண்ணிக்கை போயிருச்சு, எண்ணுனவரும் போயிட்டாரு, அப்புறம் என்ன இருந்துச்சு என்றார். ஆட்டோ, குழந்தை, காக்கா என்று சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினேன். பயந்தீங்களா என்றார். இல்லை. பயப்படவில்லை. பயப்பட வேண்டும் என்றே தோன்றவில்லை.

"அன்னைக்கும் டிரம் இருந்துச்சுன்னு சொன்னீங்க, பால்காரர் மணி கேட்டுச்சுன்னீங்க. நீங்க இல்லாமப் போயிருந்தா அந்த மணியக் கேட்டது யாருங்ணா? காணாமப் போனது நாச்சிமுத்து. அவரைக் காணோம்கறதைப் பாத்துட்டு ஒண்ணு இருந்துச்சுல்ல, அது ஒரு அடிகூட நகரலை. நகராததுக்குத் திரும்பி வர்ற வேலை எங்க இருக்குது?"

இதை நான் எத்தனையோ புஸ்தகத்தில் படித்திருக்கிறேன், கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கோடுகள் எல்லாம் எங்கே போயின. பால்காரர் மணி. எழுபத்தியோரு நாளாக எனக்குள் கிடந்த அந்த மணி, அதை நான்தான் சொல்லியிருக்கிறேன், எனக்கே கேட்கவில்லை. மோட்டாரில் காதை வைத்து இருபத்தாறு வருஷம். நாளைக்குக் காலைல பாயில உக்காருங் என்றார், ஒரே ஒரு தடவை கேளுங், அப்புறம் போசியோட நில்லுங், பயம் வந்தா அதுவும் வரட்டும், அதையும் ஒண்ணு பாக்கும், ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்கு இங்க வந்துருங், ஏழு பேர், உங்களோட எட்டு, இதை மட்டும் வீட்டுல வெச்சுட்டு வாங் என்று கவுண்டரைத் தள்ளினார். கதவு தொறக்கலைன்னாங் என்று கேட்டேன். "கை ஈரமா இருந்தாக் கொஞ்சம் லேட்டாகும்" என்றார், அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

அப்புறம் குச்சிக் கட்டைப் பார்த்தார். என்னங்ணா அது. சமித்துங் என்றேன், குருவைப் பாக்கப் போறவங்க, என்று ஆரம்பித்து இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் எழுந்து நின்றார். புடவை இல்லை, நைட்டிதான், தோளில் கிடந்த துண்டை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி வாங்கி, கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். எனக்கு இப்போது சிலிர்த்தது, தாமதமாக, காதோரத்தில். பழத்தையும் எடுத்து வைத்தேன். அவர் பேப்பரைப் பிரித்து ஒரு குச்சியை எடுத்து வளைத்துப் பார்த்தார். இன்னும் பச்சையா இருக்குதுங்ளே, எரியாது என்றார். எரியாதுதான், நாலு நாள்தான் ஆகிறது, காய வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை, அந்தக் கதையில் விறகு காய்ந்ததா பச்சையா என்று யாரும் சொன்னதில்லை. வாங்க என்று அவர் பால்கனிக்கு நடந்தார். அங்கே பெயிண்ட் வாளிகளில் தக்காளிச் செடிகள், போன வாரக் காற்றில் சாய்ந்து, பிஞ்சோடு தரையில் கிடந்தன. தண்டைத் தூக்கிப் பிடிங் என்றார். பிடித்தேன். குச்சியை மண்ணில் ஊன்றி, பழைய சேலைக் கிழிசலால் தண்டை அதோடு சேர்த்துத் தளர்வாக ஒரு முடிச்சு. அரசங்குச்சி வேர் கீர் விட்டுதுன்னா ஹவுசிங் போர்டுக்காரங்க என்னைக் காலி பண்ணச் சொல்லுவாங்க, நீங்கதானுங்ணா பொறுப்பு என்றார். அடுத்த வாளி. அடுத்தது. எட்டுச் செடி நின்றது, ஒன்பதாவதுக்கும் குச்சி ஊன்றியாயிற்று, இரண்டு குச்சி மிச்சம் மூலையில் சாய்ந்திருந்தது.

கடைசிச் செடியை இன்னும் பிடித்திருக்கிறேன், அவர் சேலைத் துணி கிழிக்க உள்ளே போயிருக்கிறார், நடமாடுகிற சத்தம் கேட்கிறது. தக்காளி இலை வாசம் விரலெல்லாம் ஏறியிருக்கிறது. கட்டை விரல் தண்டின் மேல் இருக்கிறது, ஒன்றையும் அமுக்கவில்லை, அமுக்கினால் ஒடிந்துவிடும். கலாமணியிடம் சொல்ல வேண்டும், பாய் கீழேயே இருக்கட்டும் என்று, ரெண்டு டப்பா மாவும் வாங்கிப்போக வேண்டும். பெல்ட் தொய்ந்திருப்பதை ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம், அவசரமில்லை. அப்புச்சி, குரு அந்த விறகை என்ன பண்ணினார் என்று கேட்டேனே, தூங்கிவிட்டீர்களா. உள்ளே அவர் மாவு அரைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வாங்கிக் கண்ணில் ஒற்றி, விழுந்து கிடந்த செடிக்கு ஊன்று வைத்தார். அவன் வாசலைத் தாண்டிப் பால்கனி வரைக்கும் வந்துவிட்டான் அப்புச்சி. செடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கழுத்து வலிக்கவில்லை.